ஊர் எங்கே?

வறட்டி எரியும் வாடை தெரிந்தவர்களுக்கு அது வீட்டின் வாடை. எங்கோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், யாரோ சமைக்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் புல்வெளியில் 1878ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் கண்ட புகையும் அப்படிப்பட்டதுதான். காட்டெருமைச் சாணமும் காய்ந்த சூரியகாந்தித் தண்டும் அந்த ஊரின் விறகு. ஆனால் அவருக்கு அது வீட்டுப் புகையாகத் தெரியவில்லை. கென்டக்கியிலிருந்து கணவரோடும் பிள்ளைகளோடும் ரயிலில் வந்து எல்லிஸ் என்ற நிலையத்தில் இறங்கியிருந்தார். அங்கே கூட்டத்தில் பரவிய தட்டம்மை சில குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு பாதையே இல்லாத வெளியில், திசைகாட்டியை நம்பி இரண்டு நாள் பயணம். ஊர் வந்துவிட்டது என்று முன்னால் போனவர்கள் கூவியபோது அவர் சுற்றிலும் பார்த்தார். கூரை இல்லை, சுவர் இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. ஊர் எங்கே என்று கேட்டார். தரையிலிருந்து ஆங்காங்கே கிளம்பிய புகையைக் காட்டி, அதுதான் என்றார் கணவர். மனிதர்கள் மண்ணைத் தோண்டி உள்ளே குடியிருந்தார்கள். அவர் அழுதுவிட்டார். வயது முதிர்ந்த பின் பத்திரிகை ஒன்றுக்குத் தன் நினைவுகளைச் சொன்னபோதும் அந்தக் கேள்வியை அவர் விட்டுவிடவில்லை, அழுகையையும் மறைக்கவில்லை.

நிக்கோடீமஸ் என்பது அந்த ஊரின் பெயர். உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1877இல், முன்னாள் அடிமைகள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். வில்லியானாவின் கேள்வியை இன்று அந்த வழியே போகிறவரும் கேட்கக்கூடும். 24ஆம் எண் நெடுஞ்சாலையில் கார் வேகத்தில் வந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஊரைத் தாண்டிவிடலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அங்கே எண்ணியது 14 பேரை. மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு தானாக வரி விதிக்கவும் விதிகள் போடவும் வேண்டுமென்றால் மாநிலச் சட்டப்படி நகராட்சியாகப் பதிவாக வேண்டும். பதிவாகாத இடத்துக்குச் சட்டத்தின் கண்ணில் எல்லை கிடையாது. அதன் சாலையும் காவலும் கவுன்டி நிர்வாகத்தின் பொறுப்பு, அதன் பெயர் வெறும் வழக்காறு. அப்படிப்பட்ட இடங்கள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை ஒரு பெயர்ப்பலகையும் ஒரு மூடிய கடையுமாகத் தேய்ந்துவிட்டவை. நிக்கோடீமஸ் ஏன் அப்படித் தேயவில்லை என்பதுதான் கேள்வி. ஒரு ஊரைத் தலைக்கணக்கோ பதிவோ ரயிலோ காப்பாற்றுவதில்லை, ஊர்விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நிற்பதற்கென்று அது வைத்திருக்கும் சில இடங்களே காப்பாற்றுகின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். அடையாளம் எதையும் தானாகத் தராத நிலம் அது. அமெரிக்காவை ஈரமான கிழக்கு, வறண்ட மேற்கு என்று பிரிக்கும் கோடாக 100ஆம் தீர்க்கரேகையைச் சொல்வார்கள். ஜான் வெஸ்லி பவல் என்ற நில ஆய்வாளர் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இதை அழுத்தமாக எழுதியது, வில்லியானா வந்து இறங்கிய அதே 1878இல். நிக்கோடீமஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கில், கிட்டத்தட்ட அதன் விளிம்பில் இருக்கிறது. குடியேறியவர்கள் விட்டுவந்த கென்டக்கியின் மழையில் ஏறக்குறையப் பாதிதான் இங்கே. அங்கே குன்று, ஓடை, காடு, வேலி என்று கண்ணுக்குப் பிடிமானம் இருந்தது. இங்கே சாலமன் ஆற்றின் தென்கிளை ஓடும் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் மரம், மற்றபடி அடிவானம் வரை புல். அரசு நில அளவையாளர்கள் இந்த வெளியின்மேல் சதுரக் கட்டங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட டவுன்ஷிப், அதற்குள் 36 பிரிவுகள், பிரிவு ஒன்றுக்கு 640 ஏக்கர், அதில் கால் பங்கான 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு. காகிதத்தில் எல்லாம் துல்லியம். நிலத்தில் நின்று பார்த்தால் ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் வேறுபாடு தெரியாது. மரம் இல்லாததால்தான் வீட்டுக்கு மண்ணைத் தோண்டினார்கள். மேட்டின் சரிவில் ஒரு குழி, முன்பக்கம் புல்கட்டிகளை அடுக்கிய சுவர், மேலே கிளையும் மண்ணும், நடுவில் புகைபோக்கி. அந்தக் குழிவீடுகளை நிலத்திலிருந்து பிரித்துக் காட்டியது புகை ஒன்றே. பிறகு, பக்கத்திலேயே மண்ணுக்கடியில் மெத்தென்ற சுண்ணாம்புக் கல் கிடைத்தது. வெட்டும்போது இளகியிருந்து காற்றில் இறுகும் கல். மரமற்ற மக்களுக்கு அந்தக் கல் ஒரு வரம். பின்னால் எழுந்த அடையாளங்களில் பெரும்பாலானவை அதனால் ஆனவை.

இங்கே முதல் மறுப்பு வந்துவிடும். ஊர் என்று உணர்ச்சிவசப்படுகிறோமே, இது உண்மையில் ஒரு மனை வியாபாரம்தானே? அதில் பாதி உண்மை இருக்கிறது. 1877 ஏப்ரலில் நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி தொடங்கப்பட்டபோது அதில் ஆறு கறுப்பினத்தவரோடு ஒரு வெள்ளையரும் இருந்தார். பெயர் டபிள்யூ. ஆர். ஹில், தொழில் மனை பிரித்து விற்பது. டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர் தலைவர், ஹில் பொருளாளர். கென்டக்கியின் தேவாலயங்களில் ஹில் பேசினார், துண்டறிக்கைகள் பறந்தன. லெக்சிங்டன் பக்கத்தில் ஒட்டப்பட்ட நோட்டீஸ் ஒன்று, ஐந்து டாலர் கட்டினால் செப்டம்பரில் கான்சஸுக்குப் புறப்படலாம் என்று அழைத்தது. வளமான மண், நல்ல தண்ணீர், வேட்டைக்கு விலங்கு என்று வாக்குறுதிகள் குவிந்தன. அந்த மாதம் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கி, ஊர் என்று சொல்லப்பட்ட புல்வெளியைக் கண்டபோது சிலருக்கு வந்த கோபத்தில் ஹில் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்பது ஊர்ப் பழங்கதை. பல குடும்பங்கள் உடனே திரும்பிப் போயின. ஹில்லுக்கு நட்டமில்லை. அதே கவுன்டியில் மேற்கே இன்னொரு நகரையும் அவர் உருவாக்கினார். ஹில் சிட்டி என்று அவர் பெயரைத் தாங்கிய அது 1888இல் கவுன்டியின் தலைநகரமே ஆயிற்று. ஆகவே ஏமாற்று நடந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்றவரின் நோக்கம் வேறு, வாங்கியவரின் நோக்கம் வேறு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்து, தெற்கிலிருந்து வடக்கின் படைகள் விலகிக்கொண்ட ஆண்டு 1877. தெற்கில் விடுதலை என்ற சொல்லின் உள்ளீடு ஒவ்வொன்றாக உருவப்பட்டுக்கொண்டிருந்தது. தன் பெயரில் பட்டா உள்ள 160 ஏக்கர் அந்தச் சூழலில் வெறும் சொத்து அல்ல. திரும்பிப் போகாமல் தங்கியவர்கள் நோட்டீஸை நம்பித் தங்கவில்லை. நோட்டீஸ் பொய் என்று தெரிந்த பிறகுதான் தங்கினார்கள். ஊர் என்பது அங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு சர்ச்சை உண்டு. இரவில் இயேசுவைத் தேடிவந்த நிக்கொதேமுவின் பெயர் என்பார் சிலர். அடிமையாகக் கப்பலில் வந்து பின்னர் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் ஒரு பழங்கதை மனிதனின் பெயர் என்பார் வேறு சிலர். அந்த மனிதனைப் பற்றி அந்தக் காலத்தில் பிரபலமான பாட்டும் இருந்தது. இரண்டுமே பொருந்துகின்றன, எதையும் தீர்த்துவைக்கத் தேவையில்லை.

முதல் குளிர்காலத்தின் நினைவுகள்தான் இந்த ஊரின் மிக அடர்த்தியான நினைவுகள். விதைக்கும் பருவம் தாண்டிய பிறகு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். கையில் கருவி குறைவு, ஊர் முழுவதுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகள். அடுத்த பருவத்தில் மண்வெட்டியும் குந்தாலியும் கொண்டு கைகளாலேயே நிலத்தைக் கொத்தியவர்கள் உண்டு. பால்மாட்டை ஏரில் பூட்டியவரும் உண்டாம். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடி மக்கள் தங்கள் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போனதால் பிழைத்தோம் என்பது தலைமுறைகளாக அங்கே சொல்லப்படும் செய்தி. தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், முன்பு பிறர் நிலத்தில் உழைக்க வைக்கப்பட்டவர்களுக்கு உணவு கொடுத்திருக்கிறார்கள். அந்த 160 ஏக்கர்கள் யாரிடமிருந்து வந்தன என்ற கேள்வியும் இந்தக் கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஊர்ப் பெருமை பேசும் எழுத்துகள் அதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். பெறுபவரின் நினைவில் அது நின்றிருப்பதையாவது குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு வளர்ச்சி வேகமானது. சக்கரி பிளெட்ச்சர், ஜென்னி பிளெட்ச்சர் தம்பதி அதன் நடுவில் இருந்தார்கள். முதல் அஞ்சல் நிலையம் அவர்கள் கையில், முதல் பள்ளிக்கூடம் அவர்கள் குழிவீட்டில், ஆசிரியை ஜென்னி. 1879இல் அங்கே அமைந்த பள்ளி மாவட்டத்துக்கு எண் 1. கவுன்டியிலேயே முதலாவது என்று பொருள். எழுத்தறிவு தண்டனைக்குரியதாக இருந்த காலத்தின் நினைவு இன்னும் ஆறாத மக்கள், ஊர் முழுமையாக எழும்புமுன் பள்ளியை எழுப்பியதில் வியப்பில்லை. 1880ஐ ஒட்டி பிளெட்ச்சர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல் சுண்ணாம்புக் கல்லில் எழுந்தது. 1885இல் ஒரு கல் ஆலயம். பின்னால் அதை ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபை வாங்கிக்கொண்டது. எண்பதுகளின் பிற்பாதியில் இரண்டு செய்தித்தாள்கள் வெளிவந்தன. இன்றைய 14 பேரை நினைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். எட்வர்ட் மெக்கேப் என்ற ஊர்க்காரர் 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாநிலத்தில் மாநில அளவிலான பதவிக்கு வாக்குகளால் வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். புகையால் மட்டுமே அறியப்பட்ட குழிகளிலிருந்து ஐந்தே ஆண்டில் மாநில அலுவலகம் வரை.

பிறகு ரயில். அந்தக் காலத்துச் சமவெளி ஊர்களுக்கு ரயில் வருவது ஆயுள் ரேகை போல. 1887இல் நிக்கோடீமஸ் டவுன்ஷிப் மக்கள் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் அளித்து வாக்களித்தார்கள். ரயில் கம்பெனிக்குக் கொடுக்கும் வெற்றிலை பாக்கு அது. குழியில் வாழ்ந்து பத்தாண்டு ஆகாத மக்களுக்கு அந்தத் தொகையின் கனம் என்ன என்பதை நினைத்துப் பார்க்கலாம். பேச்சு முறிந்தது. 1888இல் யூனியன் பசிபிக் பாதை ஆற்றுக்குத் தெற்கே போனது. சில மைல் தள்ளி அதன் முகாமிலிருந்து போக் என்ற ஊர் முளைத்தது. வணிகர்கள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டினார்கள். சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். செய்தித்தாள்கள் நின்றன. மெக்கேப் ஓக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற வேறொரு கறுப்பின நகரை உருவாக்குவதில் ஈடுபட்டார். நிக்கோடீமஸைப் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். எழுச்சி பத்தாண்டு, வீழ்ச்சி ஓராண்டு, மீதி வெறும் எச்சம். பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான கதை வேண்டாம்.

எனக்கு இந்த முற்றுப்புள்ளி ஒப்பவில்லை. காரணம் உணர்ச்சி அல்ல, கணக்கு. இன்று அந்த ஊரின் அடையாளங்களாகத் தேசியப் பட்டியலில் இருப்பவை ஐந்து கட்டடங்கள். செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், மெத்தடிஸ்ட் ஆலயம், பாப்டிஸ்ட் ஆலயம், பள்ளிக்கூடம், டவுன்ஷிப் மண்டபம். முதல் இரண்டும் ரயில் விலகிப்போகுமுன் கட்டப்பட்டவை. மற்ற மூன்றும் பின்னால். ஊர் செத்துவிட்டது என்று சொல்லப்படும் தேதிக்குப் பிறகு எழுந்தவைதான் அதிகம். பாப்டிஸ்ட் சபை ஆரம்பத்தில் ஒரு குழிவீட்டில் கூடியது, பிறகு ஒரே அறை கொண்ட சிறிய கல் கட்டடத்தில், பிறகு 1907இல் இப்போதுள்ள சுண்ணாம்புக் கல் ஆலயத்தில். வணிகம் போய்ப் பத்தொன்பது ஆண்டு கழிந்த பின் கல் சுமந்து ஆலயம் கட்டியவர்கள் தாங்கள் அழிந்துவிட்டோம் என்று கேள்விப்படவில்லை போலும். 1887இல் கட்டிய நான்கு வகுப்பறைப் பள்ளி 1916இல் எரிந்துபோனது. எச்சமாக மிஞ்சிய ஊருக்கு அது நல்ல சாக்கு. பிள்ளைகளை வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டுப் படிப்படியாகக் கலைந்துபோயிருக்கலாம். அவர்கள் 1918இல் மறுபடியும் பள்ளி கட்டினார்கள், முன்னதைவிடச் சிறியதாக, மரத்தில். அந்தச் சிறுமையில் ஒரு நேர்மை இருக்கிறது. இத்தனை பிள்ளைகள்தான், இவ்வளவு பள்ளிதான் என்று அளந்து கட்டியிருக்கிறார்கள். கடைசியாக மண்டபம். முப்பதுகளின் பஞ்சமும் புழுதிப் புயலும் கான்சஸின் மேற்குப் பகுதியைக் காலி செய்துகொண்டிருந்த நாள்கள் அவை. ரூஸ்வெல்ட் அரசின் வேலைத் திட்டத்தின் கீழ், உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில், உள்ளூர்க்காரர்களின் உழைப்பில் டவுன்ஷிப் மண்டபம் 1939இல் முடிந்தது. கூட்டம், நடனம், விருந்து, வாக்குப்பதிவு எல்லாம் அதில். கடையும் வங்கியும் திறக்காதவர்கள் கூடுவதற்கு ஓர் இடம் கட்டினார்கள்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சந்தைக்கான கட்டடங்கள் ரயிலைத் தேடிப் போயின, போக வேண்டியதுதான். வணிகனுக்கு ஊர் ஒரு முகவரி. கும்பிடவும் படிக்கவும் கூடவும் ஆன கட்டடங்கள் இடத்திலேயே நின்றன, எரிந்தால் அதே ஊரில் திரும்ப எழுந்தன. இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். நகராட்சியாகப் பதிவாகியிருந்தால், வரியும் அதிகாரமும் இருந்திருந்தால் ஊர் இன்னும் நன்றாக இருந்திருக்காதா? தெருவிளக்கும் குழாயும் யாருக்கும் வேண்டாதவை அல்ல. பதிவற்ற ஊர் என்பதில் ஒரு புனிதமும் இல்லை, அது பெரும்பாலும் கைவிடப்பட்டதன் மறுபெயர். ஆனாலும் பதிவு ஒன்றே காப்பு என்பது அந்தச் சமவெளியில் செல்லுபடியாகவில்லை. ரயிலும் பதிவும் இரண்டும் பெற்ற போக் நகரத்திலேயே இன்று இருநூறு பேர் இல்லை. எந்திரங்கள் வந்து பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக, அந்தப் பகுதியில் வெள்ளையர் ஊர், கறுப்பினத்தவர் ஊர் என்ற வேறுபாடின்றி எல்லாம் சுருங்கின. வித்தியாசம் என்னவென்றால், போக் சுருங்கியதை உலகம் கவனிக்கவில்லை. நிக்கோடீமஸ் சுருங்கிய பிறகும் அதைத் தேடி ஆள்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

வருவது ஆண்டுக்கு ஒரு முறை. 1878 முதல் நடந்துவரும் விடுதலை நாள் விழா அது. ஆரம்பத்தில் அதை ஆகஸ்ட் 1 அன்று கொண்டாடினார்கள். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த ஜனவரி 1 அல்ல. 1834இல் பிரிட்டிஷ் பேரரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி ஆகஸ்ட் 1. அடிமைகள் விடுதலையாகிப் பிரிட்டிஷ் கரும்புத் தோட்டங்கள் ஆளில்லாமல் நின்றபோதுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றும் ஏற்பாடு தொடங்கிப் பெருகியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மொரிஷியஸுக்கும் கரீபியனுக்கும் போன தமிழர்களின் கதை அந்தத் தேதியின் பின்பக்கம். கான்சஸின் ஒரு புல்வெளியில் பாட்டும் விருந்துமாகக் கழிந்த நாளுக்கு, நம் கடற்கரைகளில் இப்படி ஒரு நிழல் இருந்தது.

விழா முன்பு ஸ்க்ரக்ஸ் குடும்பத்தாரின் மரத்தோப்பில் நடந்தது. மரமே இல்லாத வெளியில் ஒரு தோப்பு என்பதே விழாவுக்குக் காரணம் போதும். தூரத்துப் பண்ணைகளிலிருந்து வண்டிகட்டி வந்து, கூடாரம் போட்டுத் தங்கி, இறைச்சி வாட்டி, பேச்சுகள் கேட்டு, பேஸ்பால் ஆடினார்கள். வண்டிகள் போய்க் கார்கள் வந்தன, தோப்பிலிருந்து விழா ஊருக்குள் மண்டபத்துக்கு நகர்ந்தது. வெளியூரில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு ஆகஸ்ட் 1 செவ்வாய்க்கிழமை வந்தால் என்ன செய்வது? நாள் ஜூலையின் கடைசி வார இறுதிக்கு மாறியது. பெயரும் மாறி இப்போது அது ஊர் திரும்பும் விழா. பழைய வழக்கம் நீர்த்துப்போனது என்று இதைச் சொல்லலாம். எனக்கு மாறாகப் படுகிறது. விடுதலை நாள் என்று கொண்டாடியபோது அவர்கள் ஊரில் இருந்தார்கள், நினைவுகூர வேண்டியது விடுதலையை. இப்போது அவர்கள் டென்வரிலும் டொபீகாவிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிறார்கள், கொண்டாட வேண்டியது ஊரை. ஆண்டு முழுக்கப் பத்துப் பதினைந்து பேர் உள்ள இடத்தில் அந்த இரண்டு மூன்று நாள் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். கணக்கெடுப்பு ஏப்ரல் 1ஐ மனத்தில் வைத்து எண்ணுகிறது. ஜூலைக் கடைசியில் எண்ணினால் கதை வேறு. வில்லியானா ஹிக்மன் அழுத இடத்தில் குடியேறவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது ஊரிலிருந்து 14 மைல் மேற்கே. ஆனாலும் நிக்கோடீமஸின் கதையை எவரிடம் கேட்டாலும் அவருடைய நினைவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எல்லைக்கோடு இல்லாத ஊருக்கு யார் ஊர்க்காரர் என்பதை நில அளவை முடிவு செய்வதில்லை.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கூர்மையானது. இது உயிருள்ள ஊரா, அருங்காட்சியகமா? 1976இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996 நவம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய வரலாற்றுத் தலமாகித் தேசியப் பூங்காத் துறையின் கீழ் வந்தது. இப்போது டவுன்ஷிப் மண்டபத்தில் இயங்குவது அத்துறையின் பார்வையாளர் மையம். அரசுப் பணம் நின்றால் ஊர் நின்றுவிடாதா? அரசு உதவியால் சுவர்கள் பிழைத்திருக்கின்றன, அது உண்மை. சுண்ணாம்புக் கல் காற்றிலும் பனியிலும் உதிரும், மேல்பூச்சு விரியும், ஊர்க்காரர்கள் சிலரால் மட்டும் தாங்க முடியாத செலவு அது. ஆனால் எது முன், எது பின் என்பதைப் பார்க்க வேண்டும். விழா 1878 முதல், அரசின் தலம் 1996 முதல். நூறு ஆண்டுக்கு மேல் அழைப்பிதழே இல்லாமல் மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தகுதியைக் கேட்டுப் போராடியதும் பெரும்பாலும் ஊர் வழி வந்தவர்களே. அருங்காட்சியகத்தில் பொருள்கள் பார்க்கப்படுவதற்காக இருக்கும். பழைய பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் பக்கத்தில் 1975இல் அதே சபை புதிய ஆலயம் கட்டிக்கொண்டு அதில் வழிபடுகிறது. பழையதை நினைவுக்கு விட்டுவிட்டு, வேலைக்கு வேறொன்று கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். பிளெட்ச்சரின் ஹோட்டல் பின்னாளில் ஸ்விட்சர் குடும்பத்தின் வீடானது. அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய வெரில் ஸ்விட்சர் நிக்கோடீமஸில் பிறந்து, 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியால் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிற்பாடும் ஊர் நிலத்தோடு அவருக்குத் தொடர்பு அறுபடவில்லை. சுற்றிலும் இன்றும் கோதுமை விளைகிறது. அதில் ஒரு பகுதி, நிலத்தில் மண்வெட்டியால் முதலில் கொத்தியவர்களின் வழிவந்தவர்களுடையது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அந்த ஊரை மிகைப்படுத்துவது சரியல்ல. 14 பேர் 14 பேர்தான். மருத்துவமனைக்கும் கடைக்கும் வேறு ஊருக்குப் போக வேண்டும், பிள்ளைகளின் பள்ளி எப்போதோ மூடப்பட்டுவிட்டது, அஞ்சல் நிலையமும் 1953இல் மூடப்பட்டது. ஓர் இடத்தை நினைவு தாங்கலாம், அங்கே வாழும் முதியவருக்கு மருந்து வாங்கித் தராது. இந்தக் குறையை விழாக் கூட்டம் தீர்க்கவில்லை, தேசியத் தலம் என்ற பட்டமும் தீர்க்கவில்லை. ஆனால் ஊர் எங்கே என்று கேட்பவருக்குக் கைநீட்டிக் காட்ட அங்கே இன்று ஐந்து இடங்கள் இருக்கின்றன. 1878இல் புகை மட்டும் இருந்தது.

நிக்கோடீமஸுக்குக் கடிதம் எழுத விரும்புகிறவர்கள் உறையில் போக், கான்சஸ், 67625 என்று குறிக்க வேண்டும். கடைகளைக் கொண்டுபோன ஊரின் பெயரில், அஞ்சல் குறியீட்டில், அது போய்ச் சேர்ந்துவிடும்.